கடைப் பெயரை எந்த எழுத்தில் எழுதுவது?

ஓர் எழுத்து எவ்வளவு அலங்காரமானது என்பதை எண்ணாகவே சொல்லிவிடலாம். எழுத்தின் விளிம்பு முழுவதையும், உள்ளே இருக்கும் துளைகளின் விளிம்பையும் சேர்த்து அளந்துகொள்ள வேண்டும். அந்த நீளத்தை அதனாலேயே பெருக்கி, மை நிரம்பிய பரப்பளவால் வகுக்க வேண்டும். முழுக்க நிரப்பிய வட்டத்துக்கு விடை சுமார் 12.6. சதுரத்துக்கு 16. அகலத்தைப் போல் பத்து மடங்கு நீளமுள்ள கோட்டுக்கு ஏறத்தாழ 48. கோடு மெலிய மெலிய, வளைவும் துளையும் வாலும் கூடக் கூட இந்தச் சிக்கல் எண் ஏறிக்கொண்டே போகும்.

நியூயார்க் பல்கலைக்கழகத்தில் பார்வையை ஆராயும் டெனிஸ் பெல்லியும் அவருடைய குழுவினரும் இந்த எண்ணை வைத்து நடத்திய சோதனைகளை 2006-இல் வெளியிட்டார்கள். பல மொழிகளின் எழுத்துகளையும், ஆங்கிலத்தின் வெவ்வேறு எழுத்துருக்களையும், பொட்டுப் பொட்டாக மறைப்பு தூவிய திரையில் மங்கலாகக் காட்டினார்கள். பார்ப்பவர் எழுத்தைச் சரியாகச் சொல்ல எவ்வளவு தெளிவு தேவைப்படுகிறது என்று அளந்தார்கள். சிக்கல் எண் ஏற ஏற, எழுத்தை இனங்காணும் திறன் அதே விகிதத்தில் இறங்கியது. எண் இரண்டு மடங்கானால் திறன் ஏறக்குறையப் பாதி. எந்த மொழி, எந்த எழுத்துரு என்பதைவிட இந்த எண்தான் முடிவைத் தீர்மானித்தது. சிறு வயது முதல் அந்த எழுத்தையே படித்து வந்தவருக்கும் இதிலிருந்து விலக்கு இல்லை.

அதே குழு 2003-இல் சொற்களை வைத்தும் சோதித்திருந்தது. நன்கு பழகிய சின்னஞ்சிறு சொல்லைக்கூட நாம் ஒரே படமாகப் பார்த்துப் பிடித்துக்கொள்வதில்லை. அதன் எழுத்துகள் தனித்தனியே அடையாளம் தெரிந்தால்தான் சொல்லும் தெரிகிறது என்று கண்டார்கள். “கடைப் பெயர்தானே, எப்படி எழுதினாலும் வாசித்துவிடுவார்கள்” என்று நினைப்பவர்கள் இந்த முடிவைக் கவனிக்க வேண்டும். உங்கள் கடைக்கு முதன்முதலாக வருபவருக்கு அந்தப் பெயர் பழகிய சொல்கூட இல்லை.

அலங்காரமே கூடாது என்று சொல்ல இதை எழுதவில்லை. அலங்காரத்துக்கு ஒரு விலை உண்டு, அதைப் படிப்பவரின் கண் கொடுக்கிறது என்பதுதான் நான் சொல்ல வருவது. அந்த விலையை எத்தனை சொற்களுக்கு வாங்கலாம், எந்த அளவு எழுத்துக்கு வாங்கலாம் என்று யோசித்து முடிவெடுப்பதே சிறு கடையின் இணையதளத்துக்கு டிஸ்ப்ளே எழுத்துரு தேர்ந்தெடுக்கும் வேலை. டிஸ்ப்ளே எழுத்துரு என்றால் பெயர்ப் பலகைக்கும் தலைப்புக்கும் சுவரொட்டிக்கும் உரியது. சொற்கள் குறைவு, அளவு பெரிது. பத்தி பத்தியாகப் படிக்கும் எழுத்து வேறு.

இந்தப் பிரிவினை சுவரொட்டிக் காலத்தில் வந்தது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனிலும் நியூயார்க்கிலும் சரக்கு விற்பவர்களும் நாடகக் குழுக்களும் சுவரில் ஒட்டுவதற்குப் பெரிய எழுத்து கேட்டார்கள். புத்தகத்துக்கு வார்த்த ஈய எழுத்தை அந்த அளவுக்குப் பெரிதாக வார்த்தால் எடை தாங்காது, விலையும் தாங்காது. ஈயம் சீராகக் குளிராமல் முகப்பு பள்ளமாகிவிடும். 1827-இல் நியூயார்க்கில் டேரியஸ் வெல்ஸ் என்பவர் மரத்தில் எழுத்துகளை எந்திரத்தால் வேகமாக வெட்டும் வழியைக் கண்டார். அதன்பின் பெருத்த எழுத்து, ஒடுங்கிய எழுத்து, நிழல் விழுந்த எழுத்து என்று வகைகள் பெருகின. அவற்றில் ஒன்றிலும் யாரும் ஒரு முழுப் பக்கம் அச்சடிக்க நினைக்கவில்லை.

தமிழ் அச்சிலும் அளவுக்கேற்ற எழுத்து என்ற பிரச்சினை ஆரம்பத்திலேயே எழுந்தது. 1713-இல் ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்த தமிழ் அச்செழுத்துகள் மிகப் பெரியவை. காகிதமோ கடல் கடந்து வர வேண்டிய சரக்கு. அங்கிருந்த மதபோதகர் சீகன்பால்குவின் அச்சகத்தார் உள்ளூரிலேயே சிறிய எழுத்துகளை வார்த்துக்கொண்டு, 1715-இல் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார்கள்.

உலோக அச்சில் ஒவ்வோர் அளவுக்கும் எழுத்தைத் தனியாகச் செதுக்கினார்கள். அதற்குள் ஒரு நுட்பம் இருந்தது. சிறிய அளவில் மெல்லிய கோடுகளைச் சற்றுத் தடிப்பாக்குவார்கள், துளைகளை அகலமாக்குவார்கள், எழுத்துக்கு எழுத்து இடைவெளியைக் கூட்டுவார்கள். பெரிய அளவில் கோடு மெலியலாம், எழுத்துகள் நெருங்கி நிற்கலாம். கணினி வந்ததும் ஒரே வரைவை எல்லா அளவுக்கும் இழுத்தும் சுருக்கியும் பயன்படுத்தத் தொடங்கினோம். அந்த நுட்பம் பெருமளவு போய்விட்டது. 2016-இல் அடோபி, ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட் ஆகிய நான்கு நிறுவனங்களும் சேர்ந்து அறிவித்த மாறும் எழுத்துரு முறையில் அளவுக்கேற்ப வடிவம் மாறும் வசதி திரும்பி வந்திருக்கிறது. ஆனாலும் நம் கைக்குக் கிடைக்கும் எழுத்துருக்களில் மிகப் பல இன்னும் ஒரே வரைவுதான். பெரிய அளவுக்கு வரைந்ததைச் சிறிதாக்கினால் கோடு அறுந்து தெரியும். சிறிய அளவுக்கு வரைந்ததைப் பெரிதாக்கினால் முரட்டுத்தனமாக நிற்கும். இணையதளம் செய்து தருபவர் ஒரே எழுத்துருவைத் தலைப்புக்கும் விலைப்பட்டியலுக்கும் போட்டுவிட்டு “எல்லாம் ஒரே மாதிரி இருந்தால் அழகு” என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

எவ்வளவு சிறிது, எவ்வளவு பெரிது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. நம் கண்ணில் கூர்மையான பார்வை தருவது விழித்திரையின் நடுவில் ஒரு சிறு குழி மட்டுமே. கையை நீட்டிக் கட்டைவிரலைப் பார்த்தால் அதன் அகலம் எவ்வளவோ அவ்வளவுதான் அது பிடிக்கும் இடம், சுமார் 2 டிகிரி. கண் ஓரிடத்தில் கால் நொடி தங்கி, தாவி, மறுபடி தங்கி இப்படித்தான் வாசிக்கிறது. தங்கும் இடத்துக்கு வெளியே இருக்கும் எழுத்துகள் ஒன்றையொன்று குழப்பும். 1970-இல் ஹெர்மன் பௌமா இதற்கு ஒரு விதி சொன்னார்: பார்வை மையத்திலிருந்து ஓர் எழுத்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, அந்தத் தூரத்தில் ஏறக்குறையப் பாதிக்குள் வேறு எழுத்து வந்து நின்றால் அது கலங்கிப்போகும். நெருக்கி அடித்த தலைப்பு எழுத்துகள் படிப்பவரைத் தடுமாற வைப்பதற்கு இதுவே காரணம்.

கோர்டன் லெக், சார்லஸ் பிகலோ இருவரும் 2011-இல் எழுதிய விரிவான கட்டுரை, சரளமாக வாசிக்க எழுத்தின் உயரம் கண்ணுக்கு 0.2 டிகிரி முதல் 2 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்று காட்டியது. கைபேசியை 40 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்தால் அது 1.4 மில்லிமீட்டர் முதல் 14 மில்லிமீட்டர் வரை. அவர்கள் அளந்தது ஆங்கிலச் சின்ன எழுத்தின் உயரம். தமிழில் ஓர் எழுத்துக்குள் கோடுகள் கூடுதல் என்பதால் கீழ் எல்லையை ஒட்டிப் போகாமல் தாராளமாக வைப்பதே நல்லது.

இப்போது கடைக்கு வருவோம். மரச்செக்கு எண்ணெயும் மசாலாப் பொடியும் விற்கும் ஒரு சிறு கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். முகப்பில் வரப்போகும் முதல் சொல் “எண்ணெய்”. இதைவிடக் கடினமான சோதனைச் சொல் கிடைப்பது அரிது. மூன்று சுழி ண இரண்டு முறை வருகிறது. ஆறு சுழிகளும் தனித்தனியே தெரிய வேண்டும். டிஸ்ப்ளே எழுத்துருக்களில் பல தடித்தவை. தடிக்கத் தடிக்கச் சுழிகளின் உள்வெளி அடைந்துகொண்டே வரும். கைபேசியில் அது ஒரு கரும்பொட்டாகிவிட்டால் மூன்று சுழியா இரண்டு சுழியா என்று யாரும் எண்ண முடியாது. மசாலாக் கடைத் தலைப்பில் “மணம்” என்று எழுதியது “மனம்” என்று போய்ச் சேரும். எழுத்துரு பார்க்கும்போது முதலில் ண, ன இரண்டையும் அருகருகே போட்டுப் பாருங்கள்.

அடுத்து ர-வும் துணைக்காலும். அடியில் சாய்ந்து இறங்கும் ஒரு சின்ன வால்தான் இரண்டையும் பிரிக்கிறது. அழகுக்காக அந்த வாலைக் குறுக்கிவிட்ட எழுத்துருக்கள் நிறைய. “காரம்” என்று எழுதிப் பாருங்கள். துணைக்காலும் ர-வும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும், உண்மை தெரிந்துவிடும். ஆங்கில எழுத்துருக்களை வரைந்து பழகியவர்கள் தமிழுக்கு வரும்போது அதிகம் சறுக்கும் இடம் இது என்பது என் எண்ணம், ஏனென்றால் அந்த வால் அவர்கள் கண்ணுக்கு வெறும் ஒப்பனையாகத் தெரிகிறது. மேல்விலங்குக்கும் மேல்விலங்குச் சுழிக்கும் உள்ள வேறுபாடும் அப்படித்தான். மனை விற்பவருக்கு “வீடு” என்ற சொல்லில் அந்தச் சுழி தெரியாவிட்டால் “விடு” என்றாகிவிடும். ழ-வையும் மு-வையும் சேர்த்துப் பாருங்கள். புள்ளியையும் பாருங்கள்: சில எழுத்துருக்களில் அது எழுத்தின் தலையோடு ஒட்டிக்கொள்ளும், சிலவற்றில் வெளியில் எங்கோ மிதக்கும். “பட்டு” என்று பலகை வைத்தவருக்கு நடு எழுத்தின் புள்ளி உயிர்.

தமிழ் எழுத்து மேலும் கீழும் பரவுகிறது. மேலே புள்ளியும் விலங்கும், கீழே உகர ஊகாரச் சுழிப்புகள். ஆங்கிலத் தலைப்புக்கு வரி இடைவெளியை எழுத்தளவின் 1.1 மடங்கு என்று வைப்பது வழக்கம். அதையே தமிழுக்கு வைத்தால் முதல் வரியின் “கூ” இரண்டாம் வரியின் “கீ” மீது இடிக்கும். தமிழ்த் தலைப்புக்கு 1.4-க்குக் குறையாமல் வையுங்கள்.

அகலத்தின் பாடு இன்னும் பெரிது. “வாடிக்கையாளர்களுக்கு” என்பது ஒரே சொல். பெரும்பாலான கைபேசிகளில் உலாவி திரையின் அகலத்தை 360 பிக்சல், அதற்குச் சற்று மேல் என்று கணக்கிடுகிறது. 40 பிக்சல் அளவில் அகலமான எழுத்துருவில் அந்தச் சொல்லை எழுதினால் திரையைத் தாண்டிப் போகும். உலாவி தமிழ்ச் சொல்லைத் தானாக உடைத்து அடுத்த வரிக்குக் கொண்டுபோகாது. அளவைக் குறைத்தால் தலைப்பு தலைப்பாக இருக்காது. இதற்கு ஒடுங்கிய வடிவமும் உள்ள எழுத்துரு வேண்டும். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பிரிவும் இல்லை, சாய்வெழுத்து மரபும் இல்லை. ஆகவே எது முக்கியம் என்று காட்ட நமக்குள்ள கருவிகள் அளவு, தடிமன், அகலம், நிறம் ஆகியவைதான். பல தடிமன்களும் பல அகலங்களும் உள்ள எழுத்துரு தமிழ்க் கடைக்கு ஆடம்பரம் அல்ல, அடிப்படைத் தேவை.

பழைய பலகைகளின் சாயல் வேண்டும் என்று தும்பிக்கை போட்ட லை, னை வடிவங்களைத் தேடுபவர்களும் உண்டு. 1978-இல் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்ற பிறகு பள்ளி சென்றவர்கள் அந்த வடிவங்களைப் பாடப் புத்தகத்தில் பார்த்தவர்கள் அல்லர். கடைப் பெயர் என்ற ஒரே ஒரு சொல்லுக்கு அதை வைத்துக்கொள்ளலாம். விலைப்பட்டியலுக்கு ஒருபோதும் வேண்டாம்.

கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும் கோளாறுகள் சில இருக்கின்றன. அழகான ஓர் ஆங்கில எழுத்துருவைத் தேர்ந்தெடுத்து, அதில் தமிழ்த் தலைப்பைப் போடுகிறீர்கள். அந்த எழுத்துருவில் தமிழே இல்லை. உலாவி ஒரு வார்த்தையும் சொல்லாமல் கருவியில் இருக்கும் தமிழ் எழுத்துருவை எடுத்துக் காட்டிவிடும்: ஆண்ட்ராய்டில் பெரும்பாலும் நோட்டோ சான்ஸ் தமிழ், விண்டோஸில் நிர்மலா யூஐ, ஆப்பிளில் தமிழ் சங்கம் எம்என். தமிழ் தெரிவதால் எல்லாம் சரி என்று தோன்றும். உங்கள் தேர்வு வாடிக்கையாளரை எட்டவே இல்லை.

இன்னொன்று, போலித் தடிமன். தமிழ் டிஸ்ப்ளே எழுத்துருக்களில் நல்லவை சில ஒரே ஒரு தடிமனில் வந்தவை. இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் வரைந்த பவனம், கவிவாணர் இரண்டும் அப்படி. உலாவியோ தலைப்பு என்று குறித்த எதையும் தடித்த எழுத்தாகவே காட்டப் பார்க்கும். எழுத்துருவில் தடித்த வடிவம் இல்லாவிட்டால் இருக்கும் எழுத்தின் விளிம்பைத் தானே பூசிப் பெருக்கிவிடும். எழுத்தை வரைந்தவர் பார்த்துப் பார்த்துத் திறந்து வைத்த சுழிகள் எல்லாம் அடைந்துபோகும். “தலைப்பின் தடிமனைச் சாதாரணம் என்று குறியுங்கள்” என்று இணையதளம் செய்பவரிடம் ஒரு வரி சொன்னால் போதும். பல தமிழ்த் தளங்களில் தலைப்புகள் அழுக்கேறியதுபோல் தெரிவதற்கு இந்தச் சிறு கவனக்குறைவு ஒரு காரணம்.

பலகை அடிக்கும் ஃப்ளெக்ஸ் கடையிலிருந்து பெயரைப் படமாக வாங்கி அப்படியே தளத்தில் ஒட்டுவது நம் ஊர் வழக்கம். அந்தப் படத்துக்குள் இருப்பது பெரும்பாலும் யூனிகோடு என்ற பொது எழுத்துக் குறியீட்டுக்கு முந்தைய எழுத்துருக்கள். அவற்றில் ஒன்றான பாமினியில் “அம்மா” என்று தட்டச்சு செய்தால் கணினிக்குள் பதிவாவது எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச் என்ற ஐந்து ஆங்கில விசைகள்தான். எழுத்துரு அதன் மேல் தமிழ் முகத்தைப் பொருத்திக் காட்டுகிறது. அச்சுக்கு அது போதும். கூகுளில் தேடுபவருக்கோ, பார்வையற்றவருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டும் மென்பொருளுக்கோ அங்கே தமிழே இல்லை. யூனிகோடில் தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட தனித் தொகுதி இருக்கிறது. ணெ என்பதில் முதலில் ண, பிறகு கொம்பு என்று பதிவாகும், காட்டும்போது கொம்பை முன்னால் நகர்த்துவது எழுத்துருவும் உலாவியும் சேர்ந்து செய்யும் வேலை. இந்த நகர்த்தல் விதிகள் சரியாக எழுதப்படாத எழுத்துருவில் கொம்பு இடம் மாறி நிற்கும். “எண்ணெய்” என்ற சொல் இதையும் சோதித்துக் கொடுத்துவிடும். கடைப் பெயர் உண்மையான எழுத்தாகத் தளத்தில் இருக்கட்டும். படம் கட்டாயம் என்றால் அதற்கு மாற்றுரை யூனிகோடில் எழுதச் சொல்லுங்கள்.

எழுத்துருவும் இறங்க வேண்டிய ஒரு கோப்புதான். அது வந்து சேரும்வரை பல உலாவிகள் சுமார் 3 நொடி வரை எழுத்தையே காட்டாமல் வெற்றிடமாக வைத்திருக்கும். சிக்னல் மெலிந்த ஊரில் அந்த வெற்றிடத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறவர் உண்டு. முதலில் கருவியில் உள்ள எழுத்தில் காட்டு, பிறகு மாற்று என்று உலாவிக்குச் சொல்ல ஃபான்ட்-டிஸ்ப்ளே என்ற ஒரு வரிக் கட்டளை இருக்கிறது. ஸ்வாப் என்று அதற்கு மதிப்புக் கொடுக்க வேண்டும். கோப்பு வாஃப் 2 வடிவத்தில் இருந்தால் நன்றாகச் சுருங்கும். ஒரு தளத்துக்கு இரண்டு எழுத்துருக் குடும்பங்களுக்கு மேல் வேண்டாம்.

எழுத்தின் வடிவம் சரக்கைப் பற்றி ஏதாவது சொல்கிறதா? சொல்கிறது. 1923-இலேயே பாஃபன்பெர்கர், ஃபிராங்கன் என்ற இரு உளவியலாளர்கள் கார், காப்பி, நகை, வாசனைத் திரவியம், கட்டடப் பொருள் ஆகியவற்றுக்கு எந்த எழுத்துரு பொருந்தும் என்று பலரிடம் கேட்டார்கள். தொழில் தெரியாத சாதாரண மக்களின் தீர்ப்புகள்கூடத் தாறுமாறாக இல்லாமல் கணிசமாக ஒத்துப்போயின. 2015-இல் ஆக்ஸ்ஃபோர்டின் சார்லஸ் ஸ்பென்ஸ் குழுவினர், உருண்டையான ஆங்கில எழுத்துகளை இனிப்போடும், கூர்மையானவற்றைப் புளிப்பு, கசப்போடும் மக்கள் பொருத்துவதைக் கண்டார்கள்.

எனக்கு இவற்றைவிட முக்கியமாகப் படுவது சாங், ஷ்வார்ஸ் இருவரின் 2008 ஆய்வு. ஒரே உடற்பயிற்சிக் குறிப்பைச் சிலருக்குத் தெளிவான எழுத்திலும் சிலருக்குத் தூரிகை எழுத்திலும் கொடுத்தார்கள். செய்து முடிக்க எவ்வளவு நேரமாகும் என்று கேட்டபோது தெளிவான எழுத்தில் படித்தவர்கள் சுமார் 8 நிமிடம் என்றார்கள், மற்றவர்கள் சுமார் 15 நிமிடம் என்றார்கள். படிக்கச் சிரமமானது செய்யவும் சிரமமானது என்று மனம் முடிவு கட்டிவிடுகிறது. “ஆர்டர் செய்வது எப்படி” என்ற பகுதியைக் கொடி படர்ந்த எழுத்தில் எழுதும் கடைக்காரர் தன் வாடிக்கையாளரிடம் “இது கஷ்டம்” என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். அதே ஆய்வில் ஒரு சமையல் குறிப்பும் இருந்தது. கடின எழுத்தில் படித்தவர்கள் அதற்கு அதிக நேரமும் அதிகக் கைத்திறனும் வேண்டும் என்றார்கள். ஆக, கைத்தறிச் சேலைக்கும் கோயில் நகைக்கும் பெயர் எழுதும் இடத்தில் சற்றுக் கடினமான எழுத்து, செய்தவரின் திறமையை எடுத்துச் சொல்லவும் கூடும். கடினமான எழுத்து நினைவில் நன்றாக நிற்கும் என்றும் ஒரு பேச்சு பரவியது. அதற்காகவே ஆஸ்திரேலியாவில் 2018-இல் சான்ஸ் ஃபர்கெட்டிகா என்ற எழுத்துருவை உருவாக்கினார்கள். பின்னர் வந்த ஆய்வுகள் அப்படிப் பலன் எதுவும் காணவில்லை.

நிறத்தைப் பற்றி ஒன்று மட்டும். மஞ்சளில் சிவப்பு நம் ஊர்ப் பலகைகளின் நிறம். இணையத்துக்கான அணுகல் விதிகள் சாதாரண எழுத்துக்கு 4.5-க்கு 1, பெரிய எழுத்துக்கு 3-க்கு 1 என்ற ஒளி வேறுபாடு கேட்கின்றன. முழு மஞ்சள் மேல் முழுச் சிவப்பு 3.7 தருகிறது. கடைப் பெயருக்குத் தாங்கும், தொலைபேசி எண்ணுக்குத் தாங்காது.

விலை காட்டும் தளம் என்றால் ரூபாய்க் குறியைப் போட்டுப் பார்க்க மறக்காதீர்கள். தமிழரான உதயகுமார் வடிவமைத்த ₹ குறியை இந்திய அரசு 2010 ஜூலையில் ஏற்றது. அதே ஆண்டு யூனிகோடிலும் இடம் பெற்றது. அதற்கு முன் வந்த எழுத்துருக்கள் பலவற்றில் அது இல்லை, பின் வந்த சிலவற்றிலும் இல்லை. அப்போது குறி மட்டும் வேறு எழுத்துருவிலிருந்து வந்து விலையோடு ஒட்டாமல் நிற்கும். 1, 7 இரண்டும், 3, 8 இரண்டும் தெளிவாகப் பிரிகின்றனவா என்றும் பாருங்கள். அலங்கார எழுத்துருக்களில் எண்களை ஏனோதானோவென்று வரைவது அடிக்கடி நடப்பது.

சரி, எதை எடுப்பது? உணவு, எண்ணெய், மளிகை போன்ற கடைகளுக்கு மும்பையின் ஏக் டைப் வெளியிட்ட அனெக் தமிழ் முதல் தேர்வு என்பேன். மெலிந்ததிலிருந்து மிகத் தடித்தது வரை, ஒடுங்கியதிலிருந்து அகன்றது வரை ஒரே குடும்பத்தில் கிடைக்கிறது. நீண்ட தமிழ்ச் சொல் கைபேசிக்குள் அடங்கும். இனிப்புக் கடைக்கும் குழந்தைகள் சாமானுக்கும் அதே நிறுவனத்தின் பலூ தம்பி 2 உருண்டு திரண்டு நிற்கும், ஆனால் மிகத் தடித்ததை எடுக்காதீர்கள். பட்டு, நகை, சித்த மருந்து, புத்தகம் என்றால் டிரோ தமிழ். அதில் அச்சு மரபின் கம்பீரம் இருக்கிறது, தடித்த வடிவம் கிடையாது என்பதால் போலித் தடிமனைக் கவனியுங்கள். பிரியா ரவிச்சந்திரனின் கட்டமரன் பழுது பார்க்கும் கடை, பயிற்சி நிலையம், மருத்துவமனை போன்றவற்றுக்குப் பொருத்தம். பத்தி எழுத்துக்கு முக்தா மலர் அல்லது நோட்டோ சான்ஸ் தமிழ் போதும். அங்கே புதுமை தேட வேண்டாம். கையெழுத்து வகைகளைக் கடைப் பெயருக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

சற்றுமுன் பரிந்துரைத்தவை எல்லாம் எஸ்ஐஎல் திறந்த எழுத்துரு உரிமத்தில் வருபவை. வணிகத் தளத்தில் பயன்படுத்தக் காசு கொடுக்க வேண்டியதில்லை. டிடிபி கடையில் பென் டிரைவில் ஏற்றித் தரும் எழுத்துருவுக்கு அப்படி ஓர் உரிமை இருக்கும் என்று எண்ணாதீர்கள். அச்சுக்கு வாங்கிய உரிமம்கூடப் பல நேரம் இணையதளத்துக்குச் செல்லாது.

இணையதளம் செய்பவருக்குப் பணம் கொடுத்து முடிப்பதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். கடைப் பெயர், “எண்ணெய்”, “மணம்”, “காரம்”, “வீடு”, “வாடிக்கையாளர்களுக்கு”, ஒரு விலை, உங்கள் தொலைபேசி எண் ஆகியவற்றைத் தேர்ந்த எழுத்துருவில் ஒரே பக்கத்தில் போடச் சொல்லுங்கள். வீட்டிலேயே மிகப் பழைய கைபேசியில் அதைத் திறந்து, வெயிலில் நின்று, கண்ணாடி போட்ட பெரியவர் ஒருவரிடம் கொடுத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். எந்தச் சொல்லிலாவது அவர் தயங்கினால் வேறு எழுத்துரு பாருங்கள்.